சுக்கான் ஆடுது: ஆனா எங்கே ஆடுது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் இரவு. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், வால்டன் பேக்வாட்டர்ஸ் என்ற சேற்றுக் கழிமுகத்தில் நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். ஓதம் திரும்பியதும் சின்னச் சின்ன அலை படகின் பின்பக்கம் வந்து தட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் என் தலைமாட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்.

எழுந்து போய் டில்லரைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். டில்லர் என்றால் சுக்கானைத் திருப்பும் நீளமான மரக் கைப்பிடி. பிடித்தும் சத்தம் நிற்கவில்லை. மூங்கில் கழியைக் குழாய்க்குள் விட்டு ஆட்டினால் கையில் ஒரு தட்டல் தெரியுமே, அது மாதிரி ஒன்று உள்ளங்கையில் தெரிந்தது.

படகில் பாதி எனக்கு, பாதி அண்ணைக்கு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர், எனக்குப் பாய் கட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். காலையில் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, உது பழைய படகு. கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கீழ் புஷ் தேஞ்சிருக்கும். குளிருக்குப் படகை மேல ஏத்தேக்க மாத்திப் போடுவம்."

அடுத்த மே மாதம் ஹார்விச்சிலிருந்து வடகடலைக் குறுக்கே கடந்து நெதர்லாந்தின் ஐமாய்டன் போவதாகத் திட்டம். நூறு கடல் மைலுக்கு மேல், ஒரு முழு இரவும் கடலில். அதனால் அந்த டொக்கை அப்படியே விட எனக்கு மனசில்லை. அந்தக் குளிர்காலத்தில் படித்ததையும், மார்ச்சில் நாங்கள் அளந்து பார்த்ததையும், அதில் கிட்டத்தட்ட ஏமாறப் போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எது எதற்குள் சுற்றுகிறது?

பாய்மரப் படகின் சுக்கானைப் பொதுவாக மூன்று விதமாக மாட்டுவார்கள்.

முதலாவது, படகின் பின்பலகைக்கு வெளியே கீல் போட்ட கதவு மாதிரித் தொங்குவது. ஆணியும் வளையமும்தான் அதன் பேரிங். எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும், தேய்ந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, படகின் அடியிலிருந்து கீழே இறங்கும் ஸ்கெக் என்ற கெட்டியான துடுப்பு மாதிரி ஒரு பகுதிக்குப் பின்னால் மாட்டுவது. நம் ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகளில் கீழே குடுமி இருக்கும் இல்லையா? கல்லில் குழி வெட்டி அதில் குடுமியை உட்கார வைப்பார்கள். அதுபோலச் சுக்கானுக்கும் கீழ்நுனியிலோ நடுவிலோ ஒரு தாங்கல் உண்டு.

மூன்றாவது, ஸ்பேட் சுக்கான். இதற்குக் கீழே எந்தத் தாங்கலும் கிடையாது. படகின் அடியிலிருந்து ஒரு தண்டு இறங்குகிறது, அதில் சுக்கான் இலை தொங்குகிறது, அவ்வளவுதான். தண்டு படகுக்குள் ஏறும் இடத்தில் ஒரு பேரிங், மேலே காக்பிட் தரையில் ஒரு பேரிங். எங்கள் 28 அடிப் படகு இந்த ரகம். இன்று வரும் படகுகளிலும் பெரும்பாலானவை இந்த ரகம்தான். திருப்புவது லேசு, நீரில் இழுப்பு குறைவு. பதிலுக்கு, எல்லாச் சுமையும் அந்த இரண்டு பேரிங்கின் தலையில்.

பேரிங் என்றதும் உருண்டைக் குண்டுகள் வைத்த சைக்கிள் பேரிங்கை நினைக்க வேண்டாம். சில படகுகளில் உருளை வைத்தது உண்டு. எங்களைப் போன்ற பழைய படகில் அது வெறும் பிளாஸ்டிக் புஷ், அதாவது தண்டைச் சுற்றி ஒரு தடித்த வளையம். சிலவற்றில் வெண்கலம் இருக்கும்.

சுமை எவ்வளவு?

எங்கள் சுக்கானில் இரண்டு பேரிங்குக்கும் இடையே 600 மில்லிமீட்டர். கீழ் பேரிங்கிலிருந்து இலையின் நுனி வரை 1200. பக்கவாட்டில் தண்ணீர் தள்ளும் விசை, கீழ் பேரிங்குக்கு 500 மி.மீ. கீழே ஒரே புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்வோம்.

அந்த விசை 100 கிலோ என்றால், கீழ் பேரிங் தாங்குவது 100 கிலோ இல்லை, 183 கிலோ. மேல் பேரிங் 83 கிலோவை எதிர்த் திசையில் தாங்குகிறது. கடப்பாரையால் கல்லைப் புரட்டுவது போலத்தான்: கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டு எப்போதும் அதிகம் நசுங்கும். 183இலிருந்து 83ஐக் கழித்தால் அந்த 100 வந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, கீழ் புஷ்தான் முதலில் தேய வாய்ப்பு. அண்ணை சொன்னது சும்மா இல்லை. இரண்டு, மேல் பேரிங்கின் சுமையும் சின்னதில்லை. ஒவ்வொரு முறை படகு மறுபக்கம் சாயும்போதும் அந்த 83 கிலோ திசை மாறி இழுக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை நான் அப்போது சரியாக யோசிக்கவில்லை.

சுக்கான் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாய்மரக்காரர்கள் எல்லாரும் சொல்லும் உதாரணம் 1979 ஃபாஸ்ட்நெட் போட்டி. 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல், 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த கரிம இழைச் சுக்கான்கள் பல படகுகளில் முறிந்தன. அங்கே பிரச்சினை தண்டில், பேரிங்கில் இல்லை. ஆனால் ஸ்பேட் சுக்கானுக்கு மாற்று வழி கிடையாது என்பதை அது எல்லாருக்கும் உணர்த்தியது. இன்ஜின் நின்றால் பாய் இருக்கிறது. பாய் கிழிந்தால் இன்னொரு பாய் இருக்கிறது. சுக்கான் போனால் படகு தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை

தேய்மானம் என்றால் லூஸ் என்றுதான் நினைப்போம். ஆனால் புஷ் நைலானாக இருந்தால் எதிர்ப்பக்கமும் நடக்கும். நைலான் தண்ணீரைக் குடிக்கும். நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். உப்பினால் வெளிப்பக்கம் குழாய் தடுக்கிறது. ஆகவே உள்பக்கம் உப்பி, தண்டைப் பிடித்துக்கொள்கிறது. டில்லர் வசந்தகாலத்தில் லேசாகவும் ஆகஸ்டில் கனமாகவும் இருந்தால் நைலான் மேல் சந்தேகப்படலாம். டெல்ரின் என்ற பெயரில் விற்கும் அசெட்டால் வகைப் பிளாஸ்டிக் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் எடுக்கும். அதனால்தான் புது புஷ்களை அதில் கடைவார்கள்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. உப்பின புஷ் தேய்மானத்தை மறைக்கும். படகைக் கரையேற்றி ஆறு மாதம் காய்ந்த பிறகு அளந்தால் ஒரு எண் வரும், இறக்கின அன்றே அளந்தால் வேறு எண் வரும். எப்போது அளந்தோம் என்பதையும் குறித்து வையுங்கள்.

சோதிக்கும் முறை

கார் மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே, "தம்பி, பிரேக்கை மிதி" என்பார். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் கோளாறு வீல் பேரிங்கில். மிதித்தும் ஆடினால் அது பால் ஜாயின்ட்டிலோ கிங்பின்னிலோ. ஆடுகிறதா என்பது பாதிக் கேள்விதான், எது எதற்கு எதிராக ஆடுகிறது என்பதுதான் முழுக் கேள்வி. சுக்கானுக்கும் அதே தர்க்கம்தான்.

படகு கரையில் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும், சுக்கான் இலை தரையைத் தொடக்கூடாது. இரண்டு பேர் வேண்டும். நாங்கள் செய்த வரிசை இது.

முதலில் சுழல் ஆட்டம். ஒருவர் கீழே இலையை அசையாமல் பிடிக்க, மற்றவர் மேலே டில்லரை இடமும் வலமும் லேசாக ஆட்டுகிறார். டில்லர் மட்டும் அசைந்தால் கோளாறு டில்லரின் தலைப்பகுதியில், அல்லது அதைத் தண்டோடு பூட்டும் சாவியில். அதற்கும் பேரிங்குக்கும் சம்பந்தமில்லை. சக்கரம் வைத்துத் திருப்பும் படகில் கம்பி, கப்பி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதை முதலில் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். நிறையப் பேர் பேரிங்கின் மேல் போடும் பழி உண்மையில் ஒரு லூஸ் போல்ட்டின் பழி.

இரண்டாவது, முழு வீச்சு. டில்லரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் தள்ளுங்கள். முழுக்க ஒரே கனமாக இருந்தால் புஷ் பிடிக்கிறது. ஒரு கோணத்தில் கனமாகவும் வேறொரு கோணத்தில் லேசாகவும் இருந்தால் தண்டு வளைந்திருக்கலாம். 2020இலிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கானை முட்டுவது நடக்கிறது. அப்படி முட்டு வாங்கிய படகில் முதலில் பார்க்க வேண்டிய சோதனை இது. தரை தட்டிய படகுக்கும் இதுவேதான்.

மூன்றாவது, மேல்கீழ் ஆட்டம். இலையின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். சில மில்லிமீட்டர் தூக்கினால், சுக்கானின் எடையைத் தாங்கும் வளையமோ வாஷரோ தேய்ந்திருக்கிறது.

நான்காவதுதான் முக்கியம், பக்கவாட்டு ஆட்டம். டில்லரை நடுவில் கட்டிவிடுங்கள். இலையின் நுனியைப் பிடித்து இடவலமாகத் தள்ளி இழுங்கள். ஒரு கை வேகம் போதும். பலம் காட்டினால் படகே முட்டுகளின் மேல் அசையும், இலை வளையும், எண் பொய்யாகும். நுனிக்குப் பக்கத்தில் ஒரு பலகையை நட்டு, இரு எல்லைகளையும் பென்சிலால் குறியுங்கள். அதேபோல் முன்னும் பின்னும் தள்ளிக் குறியுங்கள்.

ஏன் இரண்டு திசை? தண்டு சுற்றுகிறது, புஷ் நிற்கிறது. பாய்மரப் படகில் பெரும் சுமை பக்கவாட்டில்தான் வரும். ஆகவே தேய்ந்த புஷ் வட்டமாக இருக்காது, பக்கவாட்டில் முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டு திசையிலும் ஒரே அளவு ஆடினால் அது கடைந்தவர் ஆரம்பத்திலேயே விட்ட இடைவெளியாக இருக்கலாம். பக்கவாட்டில் மட்டும் அதிகம் ஆடினால் அது தேய்மானம்.

எங்களுக்கு வந்தது: பக்கவாட்டில் 8 மி.மீ., முன்பின்னாக 5.

"பாத்தீரோ, நான் சொன்னனான்," என்றார் அண்ணை. "கீழ் புஷ்." அன்று மாலையே கீழ் புஷ்ஷுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

நுனி ஆட்டம் என்பது ஒரு கூட்டுத்தொகை

அந்த 8 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு நான் ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நுனியை இடப்பக்கம் தள்ளும்போது தண்டு ஒரு சீசா மாதிரிச் சாய்கிறது. கீழ் புஷ்ஷில் இடப்பக்கச் சுவரில் போய் ஒட்டும். மேல் புஷ்ஷில் வலப்பக்கச் சுவரில் ஒட்டும். மறுபக்கம் தள்ளினால் இரண்டும் மாறும். ஆகவே:

நுனி ஆட்டம் = கீழ் இடைவெளி + (கீழ் இடைவெளி + மேல் இடைவெளி) × (கீழ் பேரிங்கிலிருந்து நுனி வரை ÷ இரு பேரிங்குக்கும் இடையே)

எங்கள் படகில் 1200 ÷ 600 = 2. ஆகவே கணக்கு சுருங்கி இப்படி ஆகிறது: கீழ் இடைவெளியைப் போல் மூன்று மடங்கு, மேல் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு, இரண்டையும் கூட்டு.

இதன் அர்த்தத்தைப் பாருங்கள். கீழே 2 மி.மீ., மேலே 0.5 என்றால் நுனியில் 7. கீழே 0.5, மேலே 2 என்றால் நுனியில் 5.5. கீழே 1, மேலே 2 என்றால் அதே 7! நுனியில் எவ்வளவு ஆடுகிறது என்ற ஒரு எண்ணை வைத்து எந்த புஷ் குற்றவாளி என்று சொல்லவே முடியாது. "நுனியில் இத்தனை மில்லிமீட்டர் வரை பரவாயில்லை" என்று துறைமுகத்தில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். இலை நீளமாக இருந்தாலோ இரு பேரிங்கும் நெருங்கி இருந்தாலோ அதே தேய்மானம் நுனியில் பெரிசாகத் தெரியும். அடுத்த படகின் எண் உங்கள் படகுக்கு உதவாது.

ஆகவே மறுநாள் பேரிங்கிலேயே போய் அளந்தோம்.

இடைவெளியை நேராக அளப்பது

இலையின் மேல்விளிம்புக்கும் படகின் அடிக்கும் நடுவில் எங்களுக்கு 20 மி.மீ. சந்து. அதற்குள் பீலர் கேஜ் தகடுகள் நுழையும். அண்ணை நுனியை இடப்பக்கம் அழுத்திப் பிடித்தார். அப்போது கீழ் புஷ்ஷில் இடைவெளி முழுக்க வலப்பக்கம் திறக்கும். அங்கே தகடுகளைச் சேர்த்துச் சேர்த்து நுழைத்தேன். 0.7 மி.மீ. வரை போனது. 0.75 போகவில்லை.

பிறகு காக்பிட்டுக்குள் ஏறி மேல் புஷ்ஷில். அங்கே இடைவெளி எதிர்ப்பக்கம் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நான் முதலில் தப்பான பக்கம் தேடிவிட்டு, இடைவெளியே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். சரியான பக்கத்தில் 0.4.

கணக்கில் போடுங்கள். 0.7இன் மூன்று மடங்கு 2.1. 0.4இன் இரண்டு மடங்கு 0.8. கூட்டினால் 2.9.

நுனியில் அளந்ததோ 8.

5 மில்லிமீட்டரைக் காணோம்.

"நீர் பிழையா அளந்திருப்பீர்," என்றார் அண்ணை. மறுபடி அளந்தோம். அதேதான். தண்டு வளைந்து கொடுக்கிறதா என்று யோசித்தேன். 45 மி.மீ. திண்ணமான ஸ்டெயின்லெஸ் தண்டு, ஒரு கை வேகத்துக்கு 5 மி.மீ. வளையாது. இலை தண்டின் மேல் லூஸாகச் சுற்றுகிறதா? அதை முதல் சோதனையிலேயே ஒதுக்கியிருந்தோம்.

அப்புறம்தான் பழைய வழிக்கு வந்தோம்: விரல். விரல் நுனியை இரண்டு பாகங்களின் சேர்மானத்தில், பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக வைத்தால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவுகூடத் தெரியும். அண்ணை கீழே நுனியை ஆட்ட, நான் மேல் பேரிங்கில் விரல் வைத்தேன். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்: கொஞ்சம் அசைவு, எதிர்பார்த்ததுதான். புஷ்ஷுக்கும் அதன் அலுமினியக் கூட்டுக்கும் நடுவில்: ஒன்றுமில்லை. கூட்டுக்கும் காக்பிட் தரைக்கும் நடுவில் விரலை வைத்ததும் கையை எடுத்துவிட்டேன். கூடு முழுசாக, நான்கு போல்ட்டோடு சேர்ந்து, இடவலமாக நடந்துகொண்டிருந்தது. இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். அதன் இரண்டு மடங்கு, காணாமல் போன 5.

"அண்ணை, மேல வந்து பாருங்கோ" என்றேன். அவர் வந்து விரல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடந்திருந்தது?

காக்பிட் தரை பார்க்க ஃபைபர். உண்மையில் அது ஒரு சாண்ட்விச்: மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட். பேரிங் கூட்டின் நான்கு போல்ட்டும் அந்தப் பிளைவுட்டைத் துளைத்துப் போகின்றன. துளையில் பூசிய சீலன்ட் எப்போதோ செத்துவிட்டது. வருஷக்கணக்காக மழையும் கடல்நீரும் போல்ட் வழியே உள்ளே இறங்கி, பிளைவுட் ஊறின அவல் மாதிரி ஆகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் இறங்கியது. இரண்டு மெல்லிய தோல்தான் அந்த 83 கிலோவை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டிருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அண்ணை சொன்னபடி கீழ் புஷ்ஷை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீழ் இடைவெளி 0.7இலிருந்து 0.2க்கு இறங்கியிருக்கும். நுனி ஆட்டம் எட்டிலிருந்து ஆறரைக்கு வந்திருக்கும். ஆட்டிப் பார்த்து, "குறைஞ்சிருக்கு, பழைய படகுதானே, போதும்" என்று கிளம்பியிருப்போம். வடகடலில் ஒரு நல்ல அலையில் மேல் கூடு தரையைக் கிழித்துக்கொண்டு வந்தால் தண்டுக்கு மேல்முட்டு இல்லை. அப்போது சுமை முழுக்கக் கீழ்க்குழாயின் மேல், நெம்புகோலாக. அது வெடித்தால் தண்ணீர் உள்ளே வரும் இடம் படகின் அடிவயிறு.

இதை எழுதும்போது யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அண்ணையின் ஊகம் நல்ல ஊகம், கீழ் புஷ் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான். கணக்கு ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்தால்தான் நாங்கள் தொடர்ந்து தேடினோம்.

சுக்கானை இறக்கிய பிறகு

எப்படியும் கீழ் புஷ் மாற்ற வேண்டும், ஆகவே சுக்கானை இறக்கினோம். தண்டு முழுக்க வெளியே வர, இலைக்குக் கீழே அதற்கேற்ற ஆழம் வேண்டும். யார்டில் அனுமதி வாங்கி அரை மீட்டருக்குக் குழி தோண்டினோம். சில யார்டுகளில் தோண்ட விடமாட்டார்கள், கிரேனில் தூக்கிப் பிடிக்கும்போதுதான் இறக்க முடியும். இலை பார்ப்பதைவிடக் கனம். கடைசி போல்ட்டைக் கழற்றும் முன்பே கீழே கட்டைகள் அடுக்கி, கயிறும் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் கால் வைக்காதீர்கள்.

இறங்கியதும் வெர்னியரால் தண்டை மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தோம். தேயாத இடத்தில் 45.0 மி.மீ. கீழ் புஷ் பிடித்த இடத்தில் பக்கவாட்டில் 44.8. ஆக, இடைவெளி முழுக்க புஷ்ஷின் தேய்மானம் இல்லை, தண்டும் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. புது புஷ்ஷை எந்த அளவுக்குக் கடைவது என்று முடிவு செய்ய இந்த எண் அவசியம். ஆர்டர் கொடுத்தபின் அளந்த எங்களுக்கு அந்த புஷ்ஷைத் திருப்பி அனுப்பி மறுபடி செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று.

தண்டில் இன்னொன்றும் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது காற்று படும் வரைக்கும்தான். அதன் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் தன்னைத் தானே புதுப்பிக்க ஆக்சிஜன் வேண்டும். புஷ்ஷுக்குள்ளும், தண்டு இலைக்குள் நுழையும் இடத்திலும் நீர் தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்து, அங்கே குழிக்குழியாக அரிக்கும். நகக்கண்ணை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் பள்ளமோ, இலையின் கழுத்தில் பழுப்பு நிறக் கசிவோ இருந்தால், பேரிங்கை மறந்துவிட்டு முதலில் தண்டை ஒரு சர்வேயரிடம் காட்டுங்கள். புது பேரிங்குக்குள் முறியப் போகிற தண்டு இருந்து என்ன பயன்? எங்கள் தண்டு பிழைத்தது.

மேல் கூட்டைக் கழற்றி, ஊறின பிளைவுட்டை அது காய்ந்த மரமாகத் தொடும் இடம் வரை சுரண்டி எடுத்தோம். மூன்று வாரம் காயவிட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, அந்த எபாக்ஸியிலேயே புதுத் துளை போட்டோம். இனிமேல் சீலன்ட் செத்தாலும் போல்ட்டுக்குப் பக்கத்தில் அழுக மரம் இல்லை. அடியில் வாஷருக்குப் பதில் முழு அலுமினியத் தகடு. மேலேயும் புது புஷ்.

மே மாதம் போய்விட்டது. அண்ணை விடுப்பை மாற்றிப் போட்டார், கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

மாட்டி முடித்து மறுபடி அளந்தோம். கீழே 0.2, மேலே 0.2. கணக்குப்படி நுனியில் 1 மி.மீ. வர வேண்டும். அளந்தது 1.4. மிச்சம் இலையின் வளைவு, படகின் அசைவு. இந்த அளவு வித்தியாசம் என்றால் நான் தூங்குவேன்.

ஜூலையில் ஐமாய்டன் போய் வந்தோம். திரும்பும் இரவில் காற்று ஏறி, பின்பக்க அலை நன்றாகவே தூக்கிப் போட்டது. என் படுக்கை அதே பின்பக்கப் படுக்கைதான். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

நான் இப்போது செய்வது

ஒவ்வொரு ஏப்ரலிலும், படகை நீரில் இறக்கும் முன், பதிவேட்டில் நான்கு எண் எழுதுகிறோம்: கீழ் இடைவெளி, மேல் இடைவெளி, நுனி ஆட்டம், கணக்கு சொல்லும் நுனி ஆட்டம். பக்கத்தில் படகு எத்தனை நாள் கரையில் காய்ந்தது என்றும். தனி எண்ணைவிடப் போன வருஷத்து எண்ணோடு உள்ள வித்தியாசம்தான் பேசும். கடைசி இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், ஏதோ ஒன்று அசையக்கூடாத இடத்தில் அசைகிறது. அப்போது விரலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சேர்மானமாகப் போக வேண்டும்: தண்டுக்கும் புஷ்ஷுக்கும், புஷ்ஷுக்கும் கூட்டுக்கும், கூட்டுக்கும் படகுக்கும்.

இந்த ஏப்ரலில் கீழே 0.25, மேலே 0.2, கணக்கு 1.15, அளந்தது 1.5. இந்தத் தடவை பீலர் கேஜைப் பிடித்தது அண்ணை, நுனியை ஆட்டியது நான். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொருக்கா மேல் கூட்டைத் தொட்டுப் பாப்பம்" என்று அவரே ஏணியில் ஏறினார்.